வளவில் கொஞ்சம் சேறு

சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறைகளில் சூளை கிடையாது. சதுரமாக வெட்டிய ஒரு கண்ணாடி, அதன் மேல் பூவும் கட்டமுமாகத் தடுப்பு வைத்த உலோக அச்சு, பக்கத்தில் கிண்ணம் கிண்ணமாகச் சிமென்டில் கரைத்த நிறங்கள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் அதற்குரிய நிறத்தைக் கரண்டியால் ஊற்றிவிட்டு அச்சை மேலே தூக்குகிறார்கள். வேலையின் நுட்பம் அங்கேதான் வெளிப்படுகிறது. கலவை நீர்த்துப் போயிருந்தால் சிவப்பு ஓடி மஞ்சளில் கலந்துவிடும். இறுகிப் போயிருந்தால் மூலையை எட்டாமல் இதழின் நுனி மழுங்கிவிடும். பதமாக இருந்தால் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், கலக்காது. அடுத்து மணலும் சிமென்டும் சேர்ந்த உலர்ந்த பொடியைத் தூவுகிறார்கள். மிதக்கும் தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்கிறது. அதன் மேல் கெட்டிக் கலவையை நிரப்பி மட்டம் பார்த்து, இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போட்டுக் காயவைக்கிறார்கள். கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழுவழுப்பைக் கல் தன் முகத்தில் வாங்கிக்கொண்டிருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் வளவு என்னும் உள்முற்றத்திலும் பட்டாலை என்னும் கூடத்திலும் தலைமுறைகளாக மிதிபட்டும் நிறம் மங்காமல் கிடக்கும் கற்கள் இப்படி வந்தவைதான்.

கலவை எவ்வளவு இளக்கமாக இருக்கலாம் என்பதைப் பட்டறையில் கையும் கண்ணும் முடிவு செய்கின்றன. மணலின் ஈரம் நாளுக்கு நாள் மாறும், வெயிலின் கடுமையும் மாறும். எழுதிவைத்த அளவு ஓரளவுக்குத்தான் உதவும். பொருளின் குணத்தைத் தொட்டு அறிகிற இந்த அறிவு கல் செய்கிறவருக்கு மட்டும் வேண்டியதன்று. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர், சுவர் பூசுகிற கொத்தனார், எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போடுகிற மருத்துவர், ஆய்வகத்தில் கரைசல் தயாரிக்கிற மாணவி எல்லோரும் அதை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். இரண்டு வயதிலிருந்து பத்து வயதுவரை மண்ணையும் தண்ணீரையும் மாவையும் குழப்பிப் பிள்ளைகள் விளையாடும் விளையாட்டில்தான் அந்த அறிவுக்கு அடித்தளம் விழுகிறது. ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடி ஜூனில் திறக்கும்வரை உள்ள வாரங்களில் அந்த விளையாட்டுக்கு வீட்டில் ஓர் இடமும் நேரமும் ஒதுக்கித் தர வேண்டும் என்பது என் வாதம். அதைக் காசு கொடுத்து வாங்கவோ வகுப்பாக நடத்தவோ தேவையில்லை. அதனால் வரும் அழுக்கும் நம்மால் சமாளிக்க முடிகிற அழுக்குதான்.

விளையாட்டில் என்ன அறிவு வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்குச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே செய்துகாட்டிய எளிய சோதனையிலிருந்து பதில் தொடங்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு களிமண் உருண்டைகளைப் பிள்ளையிடம் காட்டி, ஒன்றைக் கண்ணெதிரே நீளமாக உருட்டிவிட்டு, எதில் மண் அதிகம் என்று கேட்டால், ஆறேழு வயதுவரை பல பிள்ளைகள் நீளமானதைக் காட்டுவார்கள். உருவம் மாறினாலும் அளவு மாறாது என்பது நமக்கு இயல்பாகத் தெரிவதுபோல் இருந்தாலும், பிள்ளை அதைக் கட்டிக்கட்டித்தான் அடைய வேண்டியிருக்கிறது. இந்தச் சோதனையை 1969-இல் பிரைஸ்-வில்லியம்ஸ், கார்டன், ராமிரெஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் மெக்சிகோவின் குயவர் வீட்டுப் பிள்ளைகளிடமும், அதே ஊர்களில் மற்ற வீட்டுப் பிள்ளைகளிடமும் நடத்திப் பார்த்தார்கள். ஆறு முதல் ஒன்பது வயதுவரை உள்ள பிள்ளைகள் அவர்கள். களிமண் அளவைப் பற்றிய கேள்வியில் குயவர் வீட்டுப் பிள்ளைகள் தெளிவாக முந்தியிருந்தார்கள். ஓர் ஊரில் அந்த முந்துதல் களிமண்ணோடு நின்றது. மற்றோர் ஊரில் எடை, நீர் போன்ற மற்றக் கேள்விகளுக்கும் பரவியிருந்தது. பிசைந்து பழகிய கை, பொருளைப் பற்றிய ஓர் அடிப்படை உண்மையை மூளைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டது என்றே இதை நான் வாசிக்கிறேன். அந்தப் பிள்ளைகள் களிமண்ணைப் பழகியது குடும்பத் தொழிலின் வழியாக என்பதும் உண்மை. அது எழுப்பும் சங்கடமான கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

இன்னும் சின்னப் பிள்ளைகளைப் பற்றியும் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 16 மாதக் குழந்தைகளிடம் கூழ், சாறு போன்ற நிலையான உருவமில்லாத 14 பொருள்களைக் கொடுத்துப் புதுப் பெயர்கள் சொல்லிப் பார்த்தார்கள். முடிவு 2013-இல் வெளிவந்தது. கிளறி, அள்ளி, எறிந்து, வாயில் வைத்து அதிகம் அளைந்த குழந்தைகளே பிறகு வேறு வடிவத்தில் வைக்கப்பட்ட அதே பொருளைப் பெயரோடு சேர்த்து நன்றாக அடையாளம் கண்டார்கள். கூழுக்கு உருவமில்லை என்பதால் கண் அங்கே அதிகம் உதவாது. கைதான் உதவியாக வேண்டும். இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெலன் கோல்ட்ஹார்டும் உடன் ஆய்வாளரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், காய்களையும் பழங்களையும் கையால் அளைந்து விளையாடிய மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள், வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைவிட அதிக வகைகளைச் சுவைத்துப் பார்க்க முன்வந்தார்கள். பள்ளிக்கு வரும் வயதில் விரல்களின் நுண்ணசைவு நன்றாக இருக்கும் பிள்ளைகள் பிற்பாடு கணக்கிலும் வாசிப்பிலும் முன்னே நிற்கிறார்கள் என்று ஆய்வாளர் டேவிட் கிரிஸ்மர் குழுவினர் 2010-இல் காட்டினார்கள். இவற்றில் பல, இரண்டு விஷயங்கள் சேர்ந்தே இருப்பதைக் காட்டுகின்றனவே தவிர, ஒன்றால்தான் மற்றொன்று வருகிறது என்று முடித்துவிடுவதில்லை. சேறு பிசைந்தால் நூற்றுக்கு நூறு வாங்கலாம் என்று யாராவது விளம்பரம் செய்தால் அதை நம்ப வேண்டாம். வேறு வேறு வயதில், வேறு வேறு நாட்டில், வேறு வேறு கேள்வியோடு போனவர்கள் ஒரே திசையைக் காட்டுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தமிழ் வாசகருக்கு அந்தத் திசை புதிதன்று. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்றின் 188-ஆம் பாட்டு, உணவுக் கலத்தில் கைவிட்டுத் துழாவி நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைத்தான் வாழ்க்கையின் பயனாகக் காட்டுகிறது. பாடியவன் ஓர் அரசன். பிள்ளையின் சின்னக் கை அளைந்த கூழின் இனிமையைப் பற்றி வள்ளுவர் 64-ஆம் குறளில் பேசுகிறார். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் ஒரு தனிப் பருவம். சிறுமியர் மணலில் கட்டிய வீட்டை அழிக்காதே என்று பாட்டுடைத் தலைவனிடம் கெஞ்சுவது அதன் பொருள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஒரு பத்து முழுவதும் இந்த மணல் வீட்டைப் பற்றியதுதான். இலக்கியத்தில் இருப்பதால் மட்டும் ஒரு பழக்கம் சரியாகிவிடாது. ஆனால் இந்த இடங்களில் எதிலும் பெரியவர் யாரும் அழுக்குக்காகக் குழந்தையைக் கடிந்துகொள்ளவில்லை, எதிலும் குழந்தை ஒரு பொருளைச் செய்து முடித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. மணல் வீடு அழியத்தான் கட்டப்படுகிறது. விளையாட்டின் இலக்கணத்தை இவ்வளவு சரியாகக் கண்டுவைத்திருந்த சமூகம் நாம்.

இப்போது விடுமுறை தொடங்கும் முன்பே கோடை முகாம் விளம்பரங்கள் வந்துவிடுகின்றன. அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, ரோபோ செய்யும் வகுப்பு என்று காலை ஒன்று, மாலை ஒன்று. மீதி நேரத்தைத் திரை எடுத்துக்கொள்கிறது. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் திரைமுன் உட்காரும் நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. வேண்டாம் என்று சொன்ன பிறகு அந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்யும் என்ற கேள்விக்கு வீடுதான் பதில் வைத்திருக்க வேண்டும். கடைகள் ஒரு பதில் வைத்திருக்கின்றன: வண்ண மணல், பிசையும் மாவு, ஸ்லைம் டப்பா. அவற்றின் விலையைவிட, முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட அவற்றின் பதம்தான் எனக்குக் குறையாகப் படுகிறது. தண்ணீர் கூடினால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும் என்று கண்டுபிடிக்கும் வேலையைத் தொழிற்சாலை முடித்துவிட்டது. பிள்ளைக்கு மிஞ்சுவது அமுக்குவது மட்டும்.

ஆத்தங்குடிக் கல்லின் செய்முறையையே விளையாட்டாக மாற்றலாம். சிமென்டைப் பிள்ளைகள் தொடவே கூடாது. ஈரச் சிமென்ட் சுண்ணாம்பைப் போலக் காரத்தன்மை மிகுந்தது, தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். சிமென்டுக்குப் பதில் சலித்த மண் போதும். சிவகங்கைப் பக்கம் செம்மண்ணுக்குப் பஞ்சமில்லை. கண்மாய்க் கரம்பை கறுப்பு, ஆற்று மணல் வெளிர் பழுப்பு, நன்றாகக் கரைத்து வடித்த அடுப்புக் கரி இன்னொரு கறுப்பு. ஓர் எவர்சில்வர் தட்டில் பழைய வளையல்களைப் பெரிதும் சிறிதுமாகப் பரப்பி, ஒவ்வொரு வளையலுக்குள்ளும் ஒரு மண்கரைசலை ஊற்றி, வளையலை மெல்லத் தூக்கச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லாம் ஒன்றாக ஓடிவிடும். அப்போது பெரியவர் வாயைத் திறக்காமல் இருப்பது முக்கியம். இரண்டாம் தடவை பிள்ளை தானாகவே தண்ணீரைக் குறைக்கும். மூன்றாம் தடவை கரைசல் வளையலின் ஓரத்தை எட்டாமல் நிற்கும். ஓடாமலும் ஒட்டிக்கொள்ளாமலும் இருக்கும் பதம் எப்போதோ ஒருமுறை வரும், அதன் பிறகு பிள்ளையை அங்கிருந்து எழுப்புவது கடினம். உலர்ந்த மணலை மேலே தூவினால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதைப் பார்க்கலாம். ஏன் என்று கேட்டால் சொல்லலாம். கேட்காத பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எட்டு வயதைத் தாண்டியவர்களுக்கு நிறமே ஒரு புதிர். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த நீலத் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாகும், ஆப்பச் சோடா போட்டால் பச்சைக்குப் போகும். மஞ்சள் தண்ணீர் சோடாவில் சிவந்து, எலுமிச்சையில் மறுபடி மஞ்சளாகும். ஆலம் சுற்றும் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வேதியியல்தான். விளையாட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டாம், சோடா போதும். கடைகளில் கார்ன்ஃப்ளார் என்று விற்கும் வெள்ளை மாவு இரண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தால், குத்தினால் கல்லாகி, விட்டால் வழிந்தோடும் விசித்திரமான குழம்பு ஒன்று கிடைக்கும். முடிந்ததும் அதைத் தொட்டிக் குழாயில் கொட்டினால் அடைத்துக்கொள்ளும், செடிக்கடியில் கொட்டிவிடலாம். போராக்ஸ் சேர்க்கும் ஸ்லைம் செய்முறையை விட்டுவிடுங்கள். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகளைச் சின்னக் குழந்தை விழுங்கினால் அவை குடலில் பெருத்து அடைத்துவிடும். மண் பொம்மைக்குக் கண் வைக்கக் குன்றிமணியை எடுத்துத் தரும் வழக்கத்தையும் நிறுத்தியாக வேண்டும். மென்றுவிட்டால் அதன் விஷம் உயிரைப் பறிக்கக்கூடியது. ஒரு வாளித் தண்ணீர் இருக்கும் இடத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது.

மண் என்றாலே நோய்தானே என்ற பயம் நியாயமானது, அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. குடற்புழுக்களின் முட்டைகள் மலம் கலந்த மண்ணிலிருந்துதான் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகின்றன. கொக்கிப்புழு வெறுங்கால் வழியாகவே நுழைந்துவிடும். அதனால்தான் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று வைத்து, 1 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு அல்பென்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். மறுபக்கம், அழுக்கே படாமல் வளர்ப்பதற்கும் ஒரு விலை இருக்கலாம் என்ற சந்தேகத்தை ஆய்வாளர் டேவிட் ஸ்ட்ராச்சன் 1989-இல் கிளப்பினார். பின்லாந்தில் மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள 75 குழந்தைகளை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், காப்பகங்களின் வெற்று முற்றத்தில் காட்டு மண்ணையும் புல்லையும் கொண்டுவந்து பரப்பினார்கள். 28 நாளில் குழந்தைகளின் தோலில் வாழும் நல்ல நுண்ணுயிர் வகைகள் பெருகின, எதிர்ப்பாற்றலைக் கட்டுக்குள் வைக்கும் அடையாளங்கள் ரத்தத்தில் கூடின. பின்லாந்துக் காட்டு மண்ணும் நம் தெருமுனை மண்ணும் ஒன்றல்ல என்பதால் இதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. மண்ணைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. நாயும் பூனையும் புழங்காத இடத்தில் எடுத்து, சலித்து, இரும்புச் சட்டியில் நன்றாகச் சூடேற வறுத்து ஆறவைத்தால் புழு முட்டைகள் பிழைக்காது. நகத்தை ஒட்ட வெட்டி, காலில் செருப்பு போட்டு, முடிந்ததும் சோப்பால் கழுவி, தடுப்பூசி அட்டையில் டெட்டனஸ் தவணை விடுபடாமல் பார்த்துக்கொண்டால், மண்ணைக் கண்டு ஓட வேண்டியதில்லை. கத்திரி வெயில்தான் மே மாதத்தில் மண்ணைவிடப் பெரிய ஆபத்து. காலை பத்து மணிக்குள், அல்லது வெயில் இறங்கிய பிறகு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

அரிசி மாவை அள்ளி விளையாடக் கொடுப்பதா என்று பாட்டிமார் முகம் சுளிக்கும்போது அவர்கள் பக்கமே நான் நிற்கிறேன். வெளிநாட்டுப் பெற்றோருக்கான புத்தகங்கள் அரிசியையும் பருப்பையும் நூடுல்ஸையும் கிலோ கணக்கில் நிறமேற்றித் தொட்டியில் கொட்டச் சொல்கின்றன. தாது வருடப் பஞ்சத்தின் கதை இன்னும் வாய்வழியாக வாழும் நாட்டில் அது பொருந்தாது. மண்ணால் முடிகிற விளையாட்டுக்கு மண்ணே போதும். மாவுதான் வேண்டுமென்றால் வண்டு விழுந்த மாவும் அரிசி கழுவிய கழுநீரும் இருக்கின்றன. விளையாடியதை எறும்புக்கும் மாட்டுக்கும் செடிக்கும் விடலாம். செட்டிநாட்டில் விசேஷ நாட்களில் அரைத்த பச்சரிசி மாவில் துணியை நனைத்து மோதிர விரல் வழியாக இழுக்கும் நடுவீட்டுக் கோலம் இருக்கிறது. மாவு சொட்டும் வேகத்தைக் கை கட்டுப்படுத்தினால்தான் இழை அறாமல் வரும். அதில் மிஞ்சும் மாவை ஒரு சிறுமியிடமோ சிறுவனிடமோ கொடுத்து வளவின் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தால், எந்த உணவும் வீணாகாமல் ஒரு காலைப்பொழுது கழியும். தண்ணீர் தட்டுப்பாடும் இதே வகைக் கவலைதான். ஊருணியையும் மழையையும் நம்பி வாழ்ந்த வறண்ட மாவட்டம் சிவகங்கை. ஒரு குடத்துக்கு மேல் கிடையாது என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டால், அந்தக் கட்டுப்பாடே விளையாட்டைக் கூர்மையாக்கும்.

எனக்கு அதிகம் வலிக்கும் ஆட்சேபம் அம்மாக்களுடையது. துடைப்பது யார்? வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்று 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. விடுமுறையில் அந்த 299-ஐ 350 ஆக்கும் யோசனையை எந்தக் கட்டுரையாளரும் முன்வைக்கக் கூடாது. எனவே சில ஏற்பாடுகள் விளையாட்டின் பகுதியாகவே வர வேண்டும்: ஒரே இடம், கீழே ஒரு தார்ப்பாய், விளையாட்டுக்கென்று ஒரே உடுப்பு, அடுக்குமாடி வீட்டில் குளியலறைத் தரையோ பால்கனியில் ஓர் அகலத் தட்டோ. தட்டைக் கழுவுவதும் மண்ணை அள்ளி டப்பாவில் போடுவதும் பிள்ளையின் வேலை. நான்கு வயதுக் குழந்தைக்குக் கழுவுவதும் விளையாட்டுதான். மீதியைத் துடைக்க அப்பா இருக்கிறார். இதற்கெல்லாம் நேரமே இல்லாத வீட்டில், கூழ் வடகம் போடும் நாளில் மொட்டை மாடித் துணியின் ஒரு முழத்தைப் பிள்ளைக்கு ஒதுக்கிவிட்டால் போதும். கோணலாகப் பிழிந்த வடகமும் எண்ணெயில் பொரியும்.

இப்போது குயவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வருகிறேன். கைவேலையில் அறிவு இருக்கிறது என்று தமிழ்நாட்டில் யார் பேசினாலும் 1953 நினைவுக்கு வர வேண்டும். அன்றைய சென்னை மாநில முதல்வர் ராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெயரிட்டு அதைப் பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது, 1954-இல் ராஜாஜி பதவி விலகி, காமராஜர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள் சொன்னது சரி. களிமண்ணைத் தொட்டால் அறிவு வளரும் என்ற வாக்கியம், குயவர் மகன் குயவராகவே இருக்கட்டும் என்ற வாக்கியமாக மாற நம் சமூகத்தில் அதிக நேரம் ஆகாது. இன்றும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்த 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் அபாயமற்ற குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு வீட்டுப் பிள்ளைக்கு முகாமாகவும் திரையாகவும் வரும் விடுமுறை, இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு வேலைக் காலமாக வருகிறது.

ஆனால் அந்தப் போராட்டத்தின் பெயரால் கையையே படிப்புக்கு எதிரியாக்கிவிட்டோம் என்பது என் வருத்தம். 1953-இன் எதிர்ப்பு, பிள்ளையின் கையைத் தகப்பனின் தொழிலோடு கட்டிப்போடுவதற்கு எதிரானது. விளையாட்டில் தொழிலும் இல்லை, கூலியும் இல்லை, செய்து முடிக்க வேண்டிய எண்ணிக்கையும் இல்லை, யாருடைய குலமும் இல்லை. மண் யாருடைய சாதிக்கு உரியது என்று விளையாடும் பிள்ளை கேட்பதில்லை; சில வீடுகளில் மண்ணைத் தொடாதே என்று அதட்டும் குரலுக்குள்தான் அந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. மருத்துவர் வீட்டுச் சிறுவன் சேறு பிசைவதும், பட்டறைத் தொழிலாளியின் மகள் வேலையாக அல்லாமல் விளையாட்டாகச் சேறு பிசைவதும் சமமான உரிமைகள். விளையாடும் உரிமையைச் சொல்லும் 31-ஆம் பிரிவு அடங்கிய ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அந்த உரிமையை வளவு உள்ள வீடுகளின் கருணைக்கு விட்டுவிட முடியாது. செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன, திருமணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் திறக்கின்றன. பக்கத்துச் சந்தில் ஓரறை வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இடம் வேறெங்காவது கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் இந்த விளையாட்டு மிகவும் தேவைப்படும் பிள்ளைகள் வந்து உட்காரும் இடம் அதுதான். அங்கே அட்டைப் படங்களும் பிளாஸ்டிக் பொம்மைகளும் வாங்க நிதி ஒதுக்கும்போது, கூடவே ஒவ்வொரு மையத்துக்கும் மிகச் சிறிய செலவில் ஒரு மூலையை அமைத்துவிடலாம்: வேப்பமர நிழலிலோ தாழ்வாரத்திலோ முழங்கால் உயரத்துக்கு ஓர் அகலச் செங்கல் தொட்டி, வறுத்துச் சலித்த மண் இரண்டு மூட்டை, நாலைந்து கொட்டாங்கச்சிகள், ஒரு குடம் தண்ணீர், கை கழுவச் சோப்பு, இரவில் பூனை இறங்காமல் மூடிவைக்க ஒரு தார்ப்பாய். மண்ணை மாதம் ஒருமுறை மாற்றும் வேலையை ஆயாவின் தலையில் கட்டாமல் ஊராட்சி ஏற்க வேண்டும்.